டெர்மினேட்டுக்கு மூன்று மேற்கோள்

ஜனவரி 9

அன்புள்ள கோர்ட்டம்மாவுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உனக்கு ஒரு தும்மல் வந்தாலும் உன் அக்கா போன் போட்டு என்னை ஒரு பாட்டம் திட்டிவிடுவார். நான்கு மாதமாகத் திட்டு வரவில்லை, அதை வைத்துச் சொல்கிறேன்.

பயந்துவிடாதே, இது சமாதானத் தூது இல்லை. முழுக்க முழுக்க அலுவலகக் காரியம். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நாம் போனில் மூன்றாவது நிமிடத்திலேயே சண்டைக்கு வந்துவிடுகிறவர்கள். கடிதமென்றால் ஒரு சண்டைக்கு ஒரு வாரமாவது ஆகும்.

எங்கள் ஆங்கிலம்-தமிழ் அகராதி இருபதாவது எழுத்துக்கு வந்துவிட்டது. இன்னும் ஆறு எழுத்துதான் பாக்கி. வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, டெர்மினேட் என்ற சொல்லில் வந்து படுத்துவிட்டது. ஒருவர் ‘முடி’ என்கிறார், ஒருவர் ‘நிறுத்து’ என்கிறார், இன்னொருவர் ‘ரத்துசெய்’ என்கிறார். எனக்கு மூன்றும் போதவில்லை. மழை தானாக ஓய்கிறது, கூட்டம் தானாக முடிகிறது. டெர்மினேட் பெரும்பாலும் தானாக நடப்பதில்லை. யாரோ ஒருவர் கை வைத்துத்தான் அது முடிகிறது. அந்தக் கை தமிழில் தெரியவேண்டும் என்கிறேன்.

எங்கள் சட்டம் உனக்குத் தெரியாததல்ல. ஒரு சொல்லின் சீட்டு முடியவேண்டுமென்றால் மூன்று மேற்கோள் வேண்டும். மூன்றும் மூன்று தொழிலிலிருந்து வரவேண்டும், நிஜ மனிதர்கள் நிஜமாகச் சொன்னதாக இருக்கவேண்டும். அவசரத்துக்கு நானே ஒரு வாக்கியம் கட்டினேன்: ‘ராஜா போரை டெர்மினேட் செய்தார்.’ எங்கள் முதன்மை ஆசிரியர் அம்மா, அதாவது நீ முற்றுப்புள்ளி என்று பெயர் வைத்தவர், ஓரத்தில் ‘எந்த ராஜா? விலாசம் கொடுக்கவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக நாள் முழுக்க இந்த மாதிரிச் சொற்களோடுதானே குடும்பம் நடத்துகிறாய். மூன்று அனுப்பு. பெரிய மனசு பண்ணு.

இப்படிக்கு,
உன் அகராதிக்காரன்


ஜனவரி 17

அகராதிக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு மாதம் கழித்து எழுதுகிறீர்கள், அதிலும் ஒரு வினைச்சொல்லைப் பற்றி. இதற்கு ஆச்சரியப்படுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

கேட்ட மூன்றும் இதோ.

ஒன்று, போன வாரம் நடந்த வழக்கு. கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவரை எடுத்துவிட்டார்கள். கம்பெனியின் ஆங்கிலக் கடிதத்தை வக்கீல் படித்தார். ‘உங்கள் பணி டெர்மினேட் செய்யப்படுகிறது’ என்று அதில் இருந்தது. நான் உள்ளது உள்ளபடி தமிழில் சொன்னேன். அந்த மனிதர் கூண்டில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, “யாரு செஞ்சது?” என்று கேட்டார். கடிதத்தில் ஆள் பெயர் இல்லை என்றேன். “பேரில்லாம எப்படிங்க? ஒரு ஆளு சொல்லாம நான் எப்படி வேலைய விட்டு நிப்பேன்?” என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆங்கிலத்தில் அந்தச் சொல் கையை மறைத்துக்கொள்கிறது. தமிழில் கேட்கிற ஆள் அந்தக் கையைத் தேடுகிறார். இதை உங்கள் சீட்டில் எழுதிக்கொள்ளலாம்.

இரண்டு, நான் வேலைக்குப் போகிற பஸ். பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோடு தோண்டிப் போட்டிருக்கிறார்கள். கண்டக்டர் தினமும் கத்துவது: “பஸ் இங்கயே டெர்மினேட் ஆகுது, எல்லாரும் இறங்குங்க.” முடிகிறது என்று சொன்னால் யாரும் இறங்குவதில்லையாம். டெர்மினேட் என்றால்தான் எழுந்திருக்கிறார்களாம்.

மூன்று, எங்கள் மாடிக்கு ஒயர் இழுத்த எலெக்ட்ரீஷியன். ஒயரின் நுனியைச் சீவி, திருகில் மாட்டி இறுக்கினார். “டெர்மினேட் பண்ணிட்டேன்க்கா, இப்ப கரண்ட் வரும்” என்றார். அவர் தொழிலில் ஒயரின் முனையைச் சேரவேண்டிய இடத்தில் சேர்ப்பதுதான் டெர்மினேட். நீங்கள் குதிப்பீர்கள் என்று தெரியும். குதித்து முடித்துவிட்டு அடுத்த பத்தியைப் படியுங்கள்.

இத்துடன் ஒரு நோட்டீஸ் வைத்திருக்கிறேன். நீங்கள் இருக்கிற வீட்டின் வாடகை ஒப்பந்தம் நம் இருவர் பெயரிலும் இருக்கிறது. மார்ச் முடிவில் அதைப் புதுப்பிக்கவேண்டும், அல்லது பிப்ரவரி முடிவதற்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். வேண்டாம் என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். உங்கள் கையெழுத்தைப் போட்டு அனுப்புங்கள், ஓனரம்மாவுக்கு நான் சேர்ப்பிக்கிறேன். நான் திரும்பி வராத வீட்டில் என் பெயர் எதற்கு? வீட்டு ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்தது நம் ஒப்பந்தம். வக்கீலிடம் பேசிவிட்டேன். ஒன்றரை வருஷம் பிரிந்திருந்ததே போதுமான காரணம் என்கிறார். சண்டை இல்லாமல் முடித்துக்கொள்ளலாம்.

கோபத்தில் எழுதவில்லை. அன்றைக்கு நீங்கள் ஸ்டேஷனுக்கு வராதபோதே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதைக் காகிதத்தில் போட எனக்குத்தான் இத்தனை மாதம் ஆயிற்று.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர்


ஜனவரி 24

அன்புள்ள கோர்ட்டம்மாவுக்கு,

மூன்று மேற்கோளும் முத்து. முற்றுப்புள்ளி அம்மா எலெக்ட்ரீஷியன் வாக்கியத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, எழுந்து போய் ஜன்னலோரம் நின்றார். அவர் நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்ததே இல்லை.

இந்தச் சொல்லின் பூர்வீகத்தையும் தோண்டிவிட்டேன். லத்தீனில் வயலுக்கும் வயலுக்கும் நடுவே நடுகிற எல்லைக் கல்லுக்குத்தான் இதன் வேர்ச்சொல் பெயராக இருந்தது. முதலில் கல், அப்புறம் கல் நடுகிற வேலை, அப்புறம் எதையும் இதோடு சரி என்று நிறுத்துகிற வேலை. ஆக, முடிப்பது என்பது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட பொருள். கல் நடும்போது எந்த வயலும் காணாமல் போவதில்லை என்பதைக் கவனிக்கவும்.

நோட்டீஸைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து போடவில்லை. ஆனால் சும்மா அனுப்பவில்லை, சிவப்புப் பென்சிலால் ஏழு இடத்தில் திருத்தியிருக்கிறேன். ‘மேற்படி இல்லத்தில் தொடர்ந்து வசிக்க விருப்பமின்மையால்’ என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு விருப்பமின்மை? கடைசல்காரர் கேட்ட அதே கேள்விதான். எனக்கு விருப்பம் இருக்கிறது. சமையலறை அலமாரியில் உன் கண்ணாடி டம்ளர்கள் ஆறும் கவிழ்த்து வைத்தபடியே இருக்கின்றன. துடைத்து வைக்கிறேன், உபயோகிப்பதில்லை. நீ வந்துவிடுவாய் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதை வெளியே சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒன்று புரியவில்லை. ஸ்டேஷனுக்கு வராதபோது என்று எழுதியிருக்கிறாயே, எந்த ஸ்டேஷன்? எந்த நாள்? வேறு யாருக்கோ எழுதவேண்டிய வரி எனக்கு வந்துவிட்டதா?

இப்படிக்கு,
எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் இருப்பவன்


பிப்ரவரி 1

உங்களுக்கு,

எந்த ஸ்டேஷன் என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் கடிதத்தை மேஜையில் வீசிவிட்டேன். வருத்தத்தினால் இல்லை, ஆத்திரத்தினால். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்து மூன்றாவது மாதம், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்டோபரில், உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பக்கமும் எழுதிய ஒரே தாள். முன்பக்கத்தில் இந்த அறை, பக்கத்து வீட்டுச் சத்தம், மழை. பின்பக்கத்தில்தான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி ரயிலில் வருகிறேன், ஸ்டேஷனுக்கு வாருங்கள், வந்தால் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதினேன். என் வாழ்க்கையிலேயே நான் இறங்கிப்போய் எழுதிய வரி அது ஒன்றுதான். உங்களுக்கே தெரியும், நான் லேசில் இறங்குகிறவள் இல்லை.

வந்தேன். முதல் பிளாட்பாரத்தில், எடை பார்க்கிற மெஷினுக்குப் பக்கத்து பெஞ்சில், பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீ விற்கிறவர் மூன்று முறை வந்துவிட்டு நான்காவது முறை என்னைக் கேட்காமலே போனார். இரண்டு நாற்பதுக்குத் திரும்பி வருகிற ரயிலில் ஏறிவிட்டேன்.

போன் செய்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். கூப்பிட்டு வரவழைப்பதாக இருந்தால் அந்தக் கடிதம் எதற்கு? நீங்களாக வரவேண்டும் என்றுதானே எழுதினேன்.

அடுத்த வாரம் உங்கள் பதில் வந்தது. பிரிக்கும்போது ஒரு நப்பாசை இருந்தது. உள்ளே, குழாய்க்காரர் வந்து வாஷர் மாற்றிவிட்டார், இப்போது சொட்டுவதில்லை, கவலைப்படாதே என்று இருந்தது. அவ்வளவுதான். நான் என் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் குழாயைப் பற்றி எழுதினீர்கள். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் மூடிவிட்ட கடையின் போர்டு மாதிரிதான்.

பொய் சொல்வது உங்களுக்கு வராது என்று நம்பியிருந்தேன். அதையும் இப்போது கெடுத்துவிட்டீர்கள். நோட்டீஸைச் சுத்தமாகத் திரும்ப எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஏழு திருத்தத்தில் ஒன்றையும் ஏற்கவில்லை. கையெழுத்து மட்டும் போடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்


பிப்ரவரி 8

என் கண்ணான உனக்கு,

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் செய்திருப்பது பொய்யைவிட மோசம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேச நீ இங்கே இல்லை என்பது ஒன்றுதான் வசதி.

உன் கடிதம் வந்ததும் அந்த அக்டோபர் கடிதத்தைத் தேடி எடுத்தேன். உன் கடிதம் எல்லாவற்றையும் பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். தாளைப் பிரித்தேன். நடுவில் ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை. மூன்று வரி உயரம், கத்தரியால் ஒழுங்காக வெட்டியது. வெட்டியவன் நான்தான்.

அன்றைக்கு நடந்தது இப்போது நன்றாக நினைவுக்கு வருகிறது. அலுவலகத்தில் உட்கார்ந்துதான் பிரித்தேன். முன்பக்கத்தில் நீ எழுதியிருந்தாய்: ‘இங்கே மழை ஓய்ந்த பிறகும் தகரக் கூரை ஓய்வதில்லை.’ சீஸ், அதாவது ஓய்வது, என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எட்டு மாதமாக அப்படி ஒரு வாக்கியத்துக்குத்தான் நாங்கள் தவம் கிடந்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கத்தரியை எடுத்து வெட்டி, பசை தடவி, சீட்டில் ஒட்டிவிட்டேன். அப்புறம்தான் பின்பக்கத்தைப் படித்தேன். ஓட்டைக்கு மேலே ‘குழாய்க்காரரிடம் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்’ என்று இருந்தது. ஓட்டைக்குக் கீழே ‘வராவிட்டால் புரிந்துகொள்கிறேன். வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம்’ என்று இருந்தது.

மேற்கோள் கிழிந்திருந்தால் முன்னும் பின்னும் பார்த்து நடுவில் என்ன இருந்திருக்கும் என்று நிரப்புவது எங்கள் தொழில். நிரப்பினேன். குழாய்க்காரர் வந்தால் சரி, வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்கலாம். வேலை மிகுந்த மனிதர், அவர் வராததை நீ பெருந்தன்மையோடு புரிந்துகொள்கிறாய் என்றுகூட நினைத்தேன். ஒரு சந்தேகமும் வரவில்லை. இருபது வருஷமாக நிரப்பி நிரப்பிக் கை பழகிவிட்டது.

நேற்று முன்தினம் அலுவலகத்தில் சீட்டுப் பெட்டியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தேன். டீ போடுகிற கெட்டிலின் ஆவியில் காட்டிப் பிடித்தேன். பசை இளக அரைமணி நேரம் ஆயிற்று. மெல்ல உரித்துத் திருப்பினால், உன் கையெழுத்து. மை கொஞ்சம் கலைந்திருந்தது, ஆனால் ஒரு எழுத்தும் போகவில்லை. பெட்டியோடு வந்துவிடுகிறேன் என்ற இடத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

முற்றுப்புள்ளி அம்மாவிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். சீட்டைப் பாழாக்கியது யார் என்றார். கொடுத்தேன். முன்பக்கம் படித்தார், பின்பக்கம் படித்தார். “ரெண்டு பக்கமும் படிக்காம எதையும் ஒட்டக்கூடாதுன்னு ஒரு சட்டம் போட்டிருக்கணும். என் தப்பு” என்றார். அவர் வாயில் தப்பு என்ற சொல் வந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அந்த ஞாயிறு காலை பதினோரு மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குழாய்க்காரருக்காகக் காத்திருந்தேன். சாயங்காலம்தான் வந்தார். நீ அங்கே, நான் இங்கே. இதை நினைத்து இரண்டு நாளாக அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

மன்னித்துவிடு என்று கேட்கிறேன். ஆனால் இப்போது எல்லாம் தெளிந்துவிட்டதல்லவா? நான் வர மறுக்கவில்லை. உன் கேள்வி எனக்கு வந்து சேரவே இல்லை. நோட்டீஸைக் கிழித்துப் போடு. நாளும் ரயிலும் சொல், இந்த முறை ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன்னவன்


பிப்ரவரி 15

உங்களுக்கு,

கடிதத்தைக் கோர்ட் வராந்தாவில் நின்று படித்தேன். குழாய்க்காரரை நான் பெருந்தன்மையோடு புரிந்துகொண்ட இடத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற காவலர், கேஸ் ஜெயித்துவிட்டதா என்று கேட்டார். கெட்டில் வந்த இடத்தில் வராந்தாவை விட்டுப் படிக்கட்டுக்குப் போய்விட்டேன், அங்கே ஆள் இல்லை என்பதால்.

உங்களை நம்புகிறேன். பொய் சொன்னீர்கள் என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் கேட்டிருப்பதுபோல எல்லாம் தெளிந்துவிடவில்லை. ஒரு ஓட்டையை அடைத்துவிட்டு வீடு சரியாகிவிட்டது என்கிறீர்கள். அக்டோபரில் என்ன நடந்தது என்பதுதானே உங்கள் கணக்கு? அந்த வருஷம் ஜூலையில் நான் ஏன் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. வேலை கிடைத்தது, போனாள் என்று அதையும் நீங்களே நிரப்பிக்கொண்டீர்கள்.

சொல்கிறேன். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு பெண்ணின் வழக்கில் காலையிலிருந்து சாயங்காலம்வரை மொழிபெயர்த்தேன். எங்கள் தொழிலில் சாட்சி ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’ என்றுதான் சொல்லவேண்டும். அவள் குழந்தை போன கதையை அன்று முழுக்க ‘என் குழந்தை’ என்று சொன்னது என் வாய். நமக்குக் குழந்தை இல்லை என்பதை வக்கீலும் அறியமாட்டார், நீதிபதியும் அறியமாட்டார். வீட்டுக்கு வந்தபோது எனக்குக் குரலே இல்லை. நீங்கள் சாப்பாட்டு மேஜையில் இருந்தீர்கள். எதிரே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். மூன்று வாக்கியம் சொல்லியிருப்பேன். உங்கள் முகம் மலர்ந்தது. “ஒரு நிமிஷம், அந்த வார்த்தையத் திரும்பச் சொல்லு, எழுதிக்கிறேன்” என்று எழுந்து பென்சில் எடுக்கப் போனீர்கள்.

நீங்கள் திரும்பி வந்தபோது நான் நிறுத்திவிட்டேன். நீங்கள் கவனிக்கவில்லை. எழுதிக்கொண்டீர்கள், நல்ல சொல் என்றீர்கள், தட்டைக் கழுவப் போனீர்கள்.

நீங்கள் கெட்டவர் இல்லை. குடிப்பதில்லை, கத்துவதில்லை, என் டம்ளர்களைத் துடைத்து வைக்கிறீர்கள். ஆனால் நான் பேசுவது உங்களுக்கு நல்ல நல்ல சொல் வருகிற இடமாக இருந்தது. சொல்கிற ஆள் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷம் அப்படி இருந்தாகிவிட்டது. அந்த அக்டோபர்க் கடிதத்தை நீங்கள் வெட்டியது விபத்து என்கிறீர்கள். நான் அதை விபத்து என்று சொல்லமாட்டேன், வழக்கம் என்பேன்.

ஆகவே நோட்டீஸ் அப்படியேதான் இருக்கிறது. அந்த வீட்டுக்கு நான் வரமாட்டேன். இங்கே என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள், எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. இருபத்தெட்டாம் தேதிக்குள் கையெழுத்து வேண்டும். விவாகரத்து மனுவில் வக்கீல் எல்லாம் டைப் செய்துவிட்டார், தேதி போடவேண்டியதுதான் பாக்கி.

இப்படிக்கு,
நான்


பிப்ரவரி 21

அன்புள்ள உனக்கு,

நோட்டீஸில் கையெழுத்து போட்டுவிட்டேன். நீ எழுதியது எழுதியபடியே, ஒரு புள்ளியும் மாற்றவில்லை. உனக்கு அனுப்பினால் தேதி தவறிவிடும் என்று ஓனரம்மாவிடம் நானே நேரில் கொடுத்துவிட்டேன். அவர் ஏன் என்று கேட்டார். என் மனைவிக்கு இந்த வீடு வேண்டாம், அவள் சொல்வது சரிதான் என்றேன். வாங்கிக்கொண்டதற்கு அவர் எழுதிக் கொடுத்த சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

மார்ச் முடிந்ததும் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிற அறைக்குப் போகிறேன். டம்ளர்களைத் துணி சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டேன். எங்கே அனுப்பவேண்டும் என்று சொன்னால் அனுப்புகிறேன்.

டெர்மினேட் சீட்டும் முடிந்துவிட்டது. ‘முன்வந்து முடித்துவை’ என்று எழுதியிருக்கிறோம். முற்றுப்புள்ளி அம்மா ஒப்புக்கொண்டுவிட்டார். இதைச் செய்தியாகத்தான் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை.

உன் கடிதத்தை ஐந்து தரம் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கசக்கிப் போட்டேன். மூன்றிலும் நான் என் பக்கத்தைத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்குவதற்கு ஒன்றும் இல்லை. அந்தச் சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ எந்தச் சொல்லைச் சொன்னாய் என்று நினைவிருக்கிறது, எந்தச் சீட்டில் எழுதினேன் என்றும் நினைவிருக்கிறது. நீ எதைச் சொல்ல வந்தாய் என்பது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பத்தொன்பது மாதத்துக்கு மேல் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன் என்பதுதான் இப்போது தாங்க முடியாமல் இருக்கிறது.

மனுவில் தேதி போடுவது உன் இஷ்டம். நான் தடுக்கமாட்டேன், கையெழுத்துக் கேட்டால் போடுவேன். அதற்கு முன்னாலோ பின்னாலோ, எப்போதானாலும், அன்று நீ சொல்ல வந்ததைக் கேட்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அது ஒன்றுதான் நான் கேட்பது. நீ சொல்லாமல் விட்டாலும் அது நியாயம்தான்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 28

என் வீட்டுக்காரருக்கு,

இப்போது உங்களுக்கும் வீடு இல்லை, எனக்கும் அந்த வீடு இல்லை. அந்த வார்த்தை மட்டும் மிச்சமிருக்கிறது, அதனால் அதையே போட்டிருக்கிறேன்.

ஓனரம்மாவின் சீட்டு கிடைத்தது. நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எட்டாவது திருத்தம் வரும் என்றுதான் காத்திருந்தேன்.

நேற்று வக்கீலிடம் போனேன். மனுவை எடுத்து மேஜையில் வைத்து, என்ன தேதி போடலாம் என்றார். தேதி வேண்டாம், மனுவும் வேண்டாம், உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன் என்றேன். திடீரென்று என்ன காரணம் என்று கேட்டார். “எங்க வீட்டுக்காரருக்குக் காது கேக்க ஆரம்பிச்சிருக்கு” என்றேன். அவருடைய மாமனாருக்கும் அதே தொந்தரவாம். எந்த டாக்டர் என்று விலாசம் கேட்டார்.

உடனே ஆகாயத்தில் பறக்கவேண்டாம். நான் மனசு இளகி எழுதுகிறேன் என்றும் நினைக்கவேண்டாம், நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். என் வேலை இங்கே. அதனால் நாம் இருப்பதானால் இங்கேதான் இருக்கவேண்டும். முற்றுப்புள்ளி அம்மாவுக்கு நானே போன் செய்தேன். மீதி ஆறு எழுத்தையும் நீங்கள் எந்த ஊரில் உட்கார்ந்து பார்த்தாலும் அவருக்குக் கவலையில்லையாம். சீட்டுகளைப் பெட்டியில் போட்டு ரயிலில் அனுப்புகிறேன் என்றார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னார், அதை இப்போது சொல்லமாட்டேன்.

இங்கே ஒரு அறை, ஒரு சமையலறை. மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. மேஜை ஒன்றுதான் இருக்கிறது, அது என்னுடையது. உங்களுக்கு வேறு வாங்கிக்கொள்ளவேண்டும். சாயங்காலம் நான் வந்ததும் முதல் ஒரு மணி நேரம் நான் பேசுவேன், அல்லது பேசாமல் இருப்பேன். இரண்டுக்கும் நீங்கள் எதிரே உட்காரவேண்டும். மூன்று மாதம் பார்க்கலாம். எனக்குச் சரிப்படவில்லை என்றால் நானே உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன், காகிதத்தில் எழுதமாட்டேன்.

அன்று நான் என்ன சொல்ல வந்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விகளில் எனக்குப் பிடித்தது இது. எழுத உட்கார்ந்தேன், இரண்டு வரி வந்தது. அப்புறம் பேனாவை மூடிவிட்டேன். அதை எழுதினால் நீங்கள் படிப்பீர்கள். நான் சொல்லி, நீங்கள் கேட்கவேண்டும்.

பதில் எழுதவேண்டாம். வாருங்கள்.

உங்கள்
மனைவி